பதினோராவது பொருத்தம்

(ஒக்கலிபுரத்தில் நடந்த உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாமி என்னிடம் வந்தார். "பேத்திக்கு ஒரு வரன் வந்திருக்கு. நல்ல இடம். ஜாதகமும் பொருந்தியிருக்கு. ஆனா அந்தப் பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ பர்சனாலிட்டி டெஸ்ட் எழுதினானாம், நாலு எழுத்து வந்துதாம். இவளும் எழுதணுமாம். எழுத்து ஒத்துப்போனாத்தான் மேற்கொண்டு பேசலாம்ங்கறா. இது என்ன சார், பதினோராவது பொருத்தமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்" என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் மனோதத்துவம் போதித்தவன், அதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை என்றால் எப்படி? செயலாளர் அதையே இன்றைய தலைப்பாக்கிவிட்டார்.

எடை மெஷின்

நான் வளர்ந்தது இதே ஒக்கலிபுரத்தில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. சிட்டி ஸ்டேஷன் நடந்துபோகும் தூரம். இப்போது அதற்கு சங்கொள்ளி ராயண்ணா பெயர். ஊரிலிருந்து யார் வந்தாலும், யார் போனாலும், பெட்டி தூக்க நான்தான் கூடப் போவேன். கூலி உண்டு. பத்து நயா பைசா. அதை நேரே பிளாட்பாரத்தில் நிற்கும் எடை மெஷினில் போடுவேன். விளக்குகள் மின்னும், சக்கரம் சுழலும், 'டக்'கென்று ஒரு தடித்த சீட்டு விழும். அதில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் குணம். 'நீங்கள் தாராள மனம் படைத்தவர், ஆனால் பிறர் அதை உணர்வதில்லை' என்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் மாமா மூன்று காசு கொடுத்துவிட்டு ரயில் ஏறினார். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். மூன்று சீட்டிலும் எடை ஒன்றுதான். குணம் மட்டும் மூன்று விதம்! ஒன்றில் நான் தாராளம், ஒன்றில் சிக்கனம், ஒன்றில் சட்டென்று கோபப்படுகிறவன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்துவிட்டுச் சொன்னார்: "எடை உன்னோடது. குணம் மெஷினோடது."

பின்னாளில் நான் படித்த பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஆளுமையை அளக்கிறோம் என்று யார் சீட்டு நீட்டினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது என்னுடையதா, மெஷினுடையதா?

ஆளுமை என்றால் என்ன?

நம் வீடுகளில் "பையன் நல்ல பர்சனாலிட்டி" என்றால் ஆறடி உயரம், நல்ல நிறம் என்று அர்த்தம். மனோதத்துவத்தில் அர்த்தம் அதுவல்ல. ஒருவர் நினைக்கும் விதம், உணரும் விதம், நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றில் காலம் மாறினாலும் இடம் மாறினாலும் ஓரளவு மாறாமல் தொடர்ந்து வருவதும், அவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதும் எதுவோ, அதுவே ஆளுமை. நம் பாட்டிமார்கள் 'சுபாவம்' என்று சொன்னதற்கு மிக அருகில் வருவது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று காலை பால் திரிந்துவிட்டது, அதனால் மாமிக்குக் கோபம். இது நிலை. பால் திரியாவிட்டாலும் கோபம் வரும் என்றால் அது சுபாவம். அளக்க வேண்டியது இரண்டாவதை. பல சமயம் அளந்துவிடுவது முதலாவதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

எப்படி அளக்கிறார்கள்?

மனித சுபாவத்தில் முக்கியமானது எதுவாக இருந்தாலும் அதற்கு மொழியில் ஒரு சொல் இருக்கும் என்பதுதான் ஆரம்ப யோசனை. 1884ல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் அகராதியில் இத்தகைய சொற்களைத் தேடினார். 1936ல் அமெரிக்காவில் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியை முழுதும் சலித்து 17,953 சொற்களை எடுத்தார்கள். அவற்றில் நிலையான சுபாவத்தைக் குறிப்பவை சுமார் 4,500. பிறகு ரேமண்ட் கேட்டல், ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் சொற்களைக் கணக்கின் மூலம் தொகுத்து, 16 காரணிகள் என்று 1949ல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். மேலும் பலர் பல தரவுகளில் சலித்ததில், 1960களிலிருந்து திரும்பத் திரும்ப ஐந்து பெரிய அளவுகோல்கள் நிலைத்தன. இன்று ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பயன்படுத்துவது இந்த ஐந்தைத்தான். நம் வீட்டு பாஷையில் சொல்கிறேன்.

1. புதுமை நாட்டம் – புது ஊர், புது ராகம், புதுச் சமையல் என்றால் முன்னால் நிற்பவரா, பழகியதே போதும் என்பவரா?
2. பொறுப்புணர்வு – ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருகிறவரா, வண்டி நகரும்போது ஓடி ஏறுகிறவரா?
3. புறநாட்டம் – கல்யாண வீட்டில் நாலு பேரோடு பேசினால் தெம்பு வருகிறவரா, களைத்துப்போகிறவரா?
4. இணக்கம் – விட்டுக்கொடுப்பவரா, வாதம் செய்பவரா?
5. மனச்சஞ்சலம் – பிள்ளை போன் எடுக்கவில்லை என்றால் உடனே கலங்குகிறவரா, கூப்பிடுவான் என்று இருப்பவரா?

இவை ஐந்தும் பெட்டிகள் அல்ல, அளவுகோல்கள். உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பெரும்பாலோர் நடுத்தர உயரம். மிக நெட்டையும் மிகக் குட்டையும் கொஞ்சம் பேர்தான். சுபாவமும் அப்படியே. பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறோம். கீதையின் பதினான்காம் அத்தியாயம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸத்வம், ரஜஸ், தமஸ் மூன்றும் எல்லோரிடமும் உண்டு, ஒரு சமயம் ஒன்று மேலோங்கும், இன்னொரு சமயம் மற்றொன்று என்றுதான் அங்கே சொல்லியிருக்கிறது. 'இவன் தாமஸப் பெட்டி' என்று யாரையும் பூட்டி வைக்கவில்லை. இந்த முக்குணங்களை அளக்கவே 1998ல் டேவிட் வுல்ஃப் என்ற அமெரிக்கர் ஒரு வினாத்தாள் தயாரித்தார் என்பது உபரிச் செய்தி.

அளக்கும் வழிகள் மூன்று. முதலாவது, வினாத்தாள். உங்களைப் பற்றி நீங்களே சொல்வது. இரண்டாவது, தெளிவில்லாத ஒன்றைக் காட்டி நீங்கள் அதில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்பது. ஸ்விட்சர்லாந்தின் ஹெர்மன் ரோர்ஷாக் 1921ல் வெளியிட்ட பத்து மைக்கறைகளும், 1935ல் ஹார்வர்டில் மார்கனும் மர்ரேயும் அறிமுகப்படுத்திய படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனையும் இந்த வகை. மூன்றாவது, ஒரு வேலையைக் கொடுத்து நேரில் கவனிப்பது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம்

மூன்று வழிகளும் ஒரே இடத்தில் சேர்வதைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூரை விட்டுப் போகவேண்டாம். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மையம் இங்கே உண்டு. கையில் சான்றிதழ்க் கோப்பும், புதிதாக வெட்டிய தலைமுடியுமாக நம் சிட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கும் பையன்கள் அங்கே போகிறவர்கள்தான். இங்கிலாந்தில் 1942ல் தொடங்கிய முறையைப் பின்பற்றி 1943ல் டேராடூனில் சோதனையாக ஆரம்பித்தது இது.

தேர்வு ஐந்து நாள். கதைச் சோதனையில் 12 படங்கள். ஒவ்வொன்றையும் 30 வினாடி பார்த்து 4 நிமிஷத்தில் கதை எழுத வேண்டும். பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் தாள். அதற்கும் கதை எழுத வேண்டும்! பிறகு 60 சொற்கள், சொல்லுக்கு 15 வினாடி. பிறகு 60 சூழ்நிலைகள், 30 நிமிஷம். யோசித்து ஜோடிக்க நேரம் கிடையாது என்பதே இதன் தந்திரம். இதை மனோதத்துவ நிபுணர் பார்ப்பார். இன்னொருவர் நேர்காணல் செய்வார். மூன்றாமவர் மைதானத்தில் கட்டையும் கயிறும் கொடுத்து, குழுவாக ஒரு தடையைத் தாண்டச் சொல்லிக் கவனிப்பார். மனஸா, வாசா, கர்மணா என்று அங்கே சொல்வது வழக்கம். நினைப்பு, பேச்சு, செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். கடைசி நாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவு. அப்போதும் தேறாத பையன் மறுபடி வந்து எழுதலாம். முடிவு அன்றைய முயற்சிக்குத்தான், ஆயுளுக்கு அல்ல.

நம் கர்நாடகத்துக்கு இந்தத் துறையில் பழைய பெருமையும் உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924லேயே மனோதத்துவத் துறை வந்துவிட்டது. அதை ஆரம்பித்த பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்தவர். 1935ல் மைசூரில் தன் வீட்டில் 'ஆகாசவாணி' என்ற வானொலி நிலையம் நடத்தியவரும் அவரே. பெங்களூரில் 1954ல் அகில இந்திய மனநல நிலையம் வந்தது. 1974ல் அது மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் சிகிச்சைக்காகச் சோதனை செய்பவர்கள் ஒரே ஒரு தாளை நம்புவதில்லை. குடும்ப வரலாறு, பேட்டி, கவனிப்பு எல்லாம் சேர்ந்த பிறகே எதையும் எழுதுவார்கள்.

சோதனையைச் சோதிப்பது

இனி எடை மெஷினுக்கு வருவோம். எந்தச் சோதனையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: மறுபடி ஏறினால் அதே எடை காட்டுமா? இதை நம்பகம் என்பார்கள். அந்த நாலு எழுத்துச் சோதனை, யுங் 1921ல் எழுதிய நூலை வைத்து கேத்தரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறது. நடுத்தர உயரக்காரர்கள் நிறைந்த ஊரில் ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவன் நெட்டை, கீழே இருப்பவன் குட்டை என்றால் என்ன ஆகும்? கோட்டருகே நிற்பவன் செருப்பைக் கழற்றினால் ஜாதி மாறிவிடுவான். அதேதான் இங்கும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. ஆட்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

இரண்டாவது கேள்வி: சொன்னதைத்தான் அளக்கிறதா? இதை ஏற்புடைமை என்பார்கள். 'அச்சாக என்னைப் பற்றியே எழுதியிருக்கிறதே!' என்று நமக்குத் தோன்றுவது இதற்குச் சாட்சி ஆகாது. 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'உன் ஆளுமை' என்று ஒரு தாள் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். அது நம் ஸ்டேஷன் சீட்டின் மறுபக்கமேதான்.

மூன்றாவது கேள்வி: யாரோடு ஒப்பிட்டு? அமெரிக்காவில் எழுதிய வினாத்தாளில் 'பெரிய பார்ட்டிகளில் எனக்கு உற்சாகம்' என்று வரும். நம்மாத்துப் பாட்டியிடம் கேட்டால் "பார்ட்டியாவது கீர்ட்டியாவது" என்று 'இல்லை' போடுவாள். அதே பாட்டி ஆயிரம் பேர் வரும் கல்யாணத்தில் சமையற்கட்டு முதல் சம்பந்தி ஜாகை வரை எல்லோரோடும் பேசிக்கொண்டு வளைய வருவாள். தாள் அவளை உள்முகம் என்று சொல்லும். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நம் ஜனங்களிடம் எழுத வைத்து, நம் சராசரி எது என்று கண்டுபிடித்த பிறகே மதிப்பெண்ணுக்கு அர்த்தம்.

அப்படியானால் இதெல்லாம் வீணா? இல்லை. சரியாகத் தயாரித்த சோதனைகள் பயன்படுகின்றன. எந்த வேலையானாலும் பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் சற்று மேலாகச் செய்கிறார்கள் என்று 1991ல் பாரிக், மவுண்ட் என்ற இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 'சற்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்ல அது போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது. இதை நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். உண்மையில் கற்றுக்கொண்டது வேறு இடத்தில்.

நான் எழுதிய ஒரு வரி

1986ல் ஒரு தனியார் கம்பெனிக்காக சனி, ஞாயிறுகளில் ஆள் தேர்வு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை பி.காம். முடித்த பையன் ஒருவன் வந்தான். வயது 22. பதினாறு காரணி வினாத்தாளைக் கொடுத்தேன். படபடப்பு மிக அதிகம், கலகலப்பு மிகக் குறைவு என்று வந்தது. பேச்சிலும் ஒற்றை வார்த்தையாகத்தான் பதில். நான் என் அறிக்கையில் 'மனிதர்களோடு பழகும் வேலைக்கு ஏற்றவர் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

2003ல் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. நீங்க எனக்கு டெஸ்ட் வெச்சிருக்கேள்" என்றார். அந்தப் பையன்தான். ஒரு வங்கியில் கிளை மேலாளராக இருப்பதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு மனஸ்தாபமும் இல்லாமல்தான் பேசினார். "அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார் சார். மூணு ராத்திரி நான்தான் கூட. அங்கேர்ந்து நேரே வந்தேன். நீங்க கேக்கலை. நானும் சொல்லலை."

அதோடு முடிந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. என் அறிக்கையைக் கம்பெனியில் யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். "படிச்சவா எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். பேங்க்ல சேர்ந்தப்புறம் ரெண்டு தரம் ப்ரமோஷன் வந்தது. ஜனங்களோட பழகற வேலை நமக்கு ஆகாதுன்னு வேண்டாம்னுட்டேன். கடைசியில ஆத்துல அவதான் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

பால் திரிந்த காலையைப் பார்த்துவிட்டு, சுபாவம் என்று எழுதியவன் நான். வினாத்தாள் பொய் சொல்லவில்லை. அன்று காலை அவர் படபடப்பாகத்தான் இருந்தார். 'அன்று' என்ற சொல்லை விட்டுவிட்டது நான். 'ராத்திரி தூங்கினாயா அப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த வார்த்தை எந்தச் சோதனைத் தாளிலும் அச்சடித்திருக்காது. கேட்க வேண்டியது எதிரே இருக்கும் மனுஷன்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வோர் அறிக்கையிலும் தேதியை முதல் வாக்கியத்திலேயே எழுதினேன்: இன்ன நாளில், இந்தச் சூழ்நிலையில், இவர் இப்படி விடையளித்தார் என்று.

வீட்டுக்கு எடுத்துப்போக

சுபாவம் கல்வெட்டு அல்ல. வயது ஏற ஏறப் பொறுப்புணர்வும் இணக்கமும் பொதுவாகக் கூடுகின்றன என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பெற்றோரும் தாத்தா பாட்டியும் குழந்தை காதுபட 'இவன் கூச்ச சுபாவம்', 'இவள் அழுமூஞ்சி' என்று முத்திரை குத்தாமல் இருங்கள். 'இன்னிக்குக் கூச்சப்படறான்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வார்த்தைதான் கூடுதல்.

வேலைக்காகச் சோதனை எழுதும் இளைஞர்களே, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நல்ல வினாத்தாள்களில் பூசி மெழுகுபவரைக் கண்டுபிடிக்கவே சில கேள்விகள் உண்டு. 'எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை' என்றால், கோபம் இல்லாதவர் என்று அர்த்தமில்லை, உண்மையை மறைக்கிறார் என்றே குறித்துக்கொள்வார்கள். முந்தைய இரவு தூங்குங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கடைசியாக, மாமிக்குப் பதில். பேத்தி அந்தச் சோதனையை எழுதட்டும், தப்பில்லை. வந்த எழுத்தை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து, 'இது சரியா, இது தப்பா, நீ எப்படி' என்று பேசட்டும். பேச்சை ஆரம்பிக்க அது நல்ல சாக்கு. அந்த ஒரு மணி நேரப் பேச்சில், எதிர்த்துச் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகிறது, பரிமாறுகிறவரிடம் எப்படிப் பேசுகிறான் என்று அவள் பார்ப்பாளே, அது நாலு எழுத்தைவிடப் பெரிய சோதனை. இரண்டு மூன்று தரம், இரண்டு மூன்று இடத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. எழுத்து பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் நல்ல இடத்தை விட வேண்டாம். பொருந்திவிட்டது என்பதற்காக மட்டும் முகூர்த்தமும் பார்க்க வேண்டாம்.